கை வைத்த பிறகு வண்டி மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

வண்டியை உயர்த்த லிஃப்ட் போட்டாச்சு, பெரிய டயர் மாட்டியாச்சு, முன்னால் கயிறு சுற்றி இழுக்கும் விஞ்ச், மேலே வரிசையாக விளக்கு எல்லாம் ஏறியாச்சு. நிற்கும்போது வண்டி ராஜா மாதிரி இருக்கிறது, ஓட்டினால் மட்டும் எங்கோ ஆடுகிறது, எங்கோ முனகுகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. ஆஃப்ரோடு வண்டியை வீட்டிலேயே மாற்றியமைக்கும் எல்லோருக்கும் இந்தக் கட்டம் வரும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கோளாறு வருவதற்கு முன் கடைசியாக எதில் கை வைத்தீர்கள்? பத்தில் எட்டு முறை பதில் அங்கேயே இருக்கும். அதனால்தான் ஒரே நாளில் நாலு மாற்றம் செய்யாதீர்கள் என்கிறேன், லிஃப்ட்டும் டயரும் ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டேம்பரும் ஒன்றாக மாட்டினால் எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க மூன்றையும் கழற்ற வேண்டியிருக்கும். கிலோமீட்டர் கணக்கோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கீழே படுக்கும் முன் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், இதில் பேச்சே இல்லை.

பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் வெறி பிடித்த மாதிரி ஆடுகிறது

ஜிம்னி, ரேங்லர் மாதிரி முன்னால் முழு அச்சு இருக்கும் வண்டிகளில் வரும் வியாதி இது. 60, 70 கி.மீ. வேகத்தில் ஒரு பக்கச் சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கும், உடனே முன் அச்சு முழுவதும் இடதும் வலதுமாக உதற ஆரம்பிக்கும், வேகத்தைக் குறைக்கும்வரை நிற்காது. அந்த நேரத்தில் பிரேக்கைப் போட்டு மிதிக்காமல், ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரை விட்டு மெதுவாக வேகத்தைக் குறையுங்கள்.

இதற்கு எல்லோரும் உடனே சொல்லும் மருந்து புது ஸ்டியரிங் டேம்பர். போடாதீர்கள், அது வலி மாத்திரை. ஆட்டத்தை மறைக்கும், ஆட்டம் தரும் பாகம் உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும். டேம்பர் சோர்ந்ததும் பழைய ஆட்டம் பழைய கடனோடு திரும்பி வரும்.

செய்ய வேண்டியது இதுதான். சக்கரம் நாலும் தரையில் இருக்கட்டும், எஞ்சின் ஓடட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடது வலது என்று கால் சுற்று அளவுக்கு வேகமாக ஆட்டட்டும். நீங்கள் முன்னால் படுத்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலை வையுங்கள், நசுங்கும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். முதலில் பானார்டு ராட், அதாவது அச்சைச் சேஸிஸோடு குறுக்காகப் பிடித்திருக்கும் அந்த நீளக் கம்பி, அதன் இரண்டு முனைகளையும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அரை மி.மீ. அசைவுகூட விரலுக்குத் தெரியும், ஒரு சின்ன ‘டிக்’. போல்ட் கொஞ்ச நாள் லூஸாக ஓடியிருந்தால் பிராக்கெட்டில் இருக்கும் ஓட்டை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். அதை எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. ஓட்டையைச் சரியான அளவுக்குப் பெரிதாக்கிப் பெரிய போல்ட் போட வேண்டும், இல்லையென்றால் கனமான வாஷரை வெல்டு வைக்க வேண்டும்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் முன்பக்கத்தைத் தூக்குங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், அப்புறம் இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். மேல்கீழ் ஆட்டம் என்றால் வீல் பேரிங், அல்லது சக்கரம் திரும்புவதற்கு இருக்கும் கிங் பின், பால் ஜாயின்ட். உள்ளே இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினால் பிரித்துவிடலாம்: மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் பேரிங், போகாவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட். இடவல ஆட்டம் மட்டும் என்றால், இரண்டு முன் சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் டை ராடின் எண்டைப் பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் டயர் பேலன்ஸ், காஸ்டர் பக்கம் போக வேண்டும்.

நேராகப் போக மாட்டேன் என்கிறது, திருப்பினால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருவதில்லை

லிஃப்ட் போட்ட பிறகு இது வந்தால் பெரும்பாலும் காஸ்டர் போய்விட்டது. சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதே, அந்தச் சாய்வுதான் காஸ்டர், கையை விட்டாலும் சக்கரம் நேராக ஓடுவது அதனால்தான். அச்சை முன்பின்னாகச் சேஸிஸோடு பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் வைத்த வண்டியில் சேஸிஸை உயர்த்தும்போது அந்த ஆர்ம் சாயும், அதோடு பிணைந்திருக்கும் அச்சும் முன்னோக்கி உருளும். ஆர்ம் நீளம் 900 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், 50 மி.மீ. உயர்த்தினால் அச்சு கிட்டத்தட்ட 3 டிகிரி உருண்டுவிடும். நாலைந்து டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் மிச்சம் ஒன்றோ இரண்டோதான். ஆர்ம் முனையில் போடும் காஸ்டர் புஷ், ஆர்மின் பிடிமானத்தைக் கீழே இறக்கும் டிராப் பிராக்கெட், அளவு மாற்றக்கூடிய ஆர்ம், இந்த மூன்றில் ஒன்று வேண்டும். லிஃப்ட் கிட் வாங்கும்போதே இது பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது, விலை குறைந்த கிட்டில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் மட்டும்தான் இருக்கும்.

நேராக ஓடும்போது ஸ்டியரிங் வீல் மட்டும் கோணலாக நிற்கிறதா? அது ஸ்டியரிங் பாக்ஸைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியான டிராக் லிங்க். வண்டி உயர்ந்ததும் அந்தக் கம்பி சாய்ந்து, அதன் குறுக்களவு குறைந்துவிட்டது. கம்பியில் இருக்கும் ஸ்லீவைத் திருகி நீளத்தைச் சரிசெய்யுங்கள். சிலர் ஸ்டியரிங் வீலையே கழற்றி நேராக மாட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஸ்டியரிங் பாக்ஸ் நடுவில் இருக்காது, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள வண்டியில் எச்சரிக்கை விளக்கும் எரியும்.

மேடுபள்ளத்தில் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுத்தால், முன்னால் நின்று பானார்டு ராடும் டிராக் லிங்கும் இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் டிராப் பிராக்கெட் போட்டு மற்றதை அப்படியே விட்டிருந்தால் இந்தத் தொல்லை நிச்சயம்.

வேகம் கூடக் கூட அதிர்கிறது

டயரா, எஞ்சின் சக்தியை அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டா? இதைப் பிரிக்கத் தெரியாமல் நாலு முறை வீல் பேலன்ஸ் செய்தவர்கள் உண்டு. ஒரு சின்னக் கணக்கு போதும். 80 செ.மீ. விட்டமுள்ள டயர் 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஆறேழு முறை சுற்றும். கிரவுன் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது, 4.1 என்றால் ஷாஃப்ட் நொடிக்கு 27 முறை சுற்றும். டயர் அதிர்வு தொப் தொப் என்று ஏறக்குறைய எண்ணிவிடலாம் போலிருக்கும், ஸ்டியரிங்கிலோ சீட்டிலோ தெரியும். ஷாஃப்ட் அதிர்வு ஒரு ரீங்காரம், தரைத் தகட்டில் உள்ளங்காலுக்குக் கூசும். ஷாஃப்ட் முனையில் மடங்கும் கிராஸ் ஜாயின்ட்டின் கோணம் தப்பாக இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அடிக்கும், ரீங்காரம் இன்னும் மெல்லியதாக இருக்கும், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அதன் தன்மை மாறும்.

சாதாரண ஷாஃப்ட்டில், அதாவது முனைக்கு ஒரு கிராஸ் இருப்பதில், இரண்டு முனைக் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும், 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. ஷாஃப்டுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் முகமும், மறுமுனையில் அச்சில் இருக்கும் கிரவுனின் முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் இது தானாக அமையும். செல்போனில் இருக்கும் கோணமானி போதும், போனைச் சுத்தமான சமதள முகத்தில் வைத்துப் பாருங்கள், வண்டி தன் எடையில் நிற்க வேண்டும். இரட்டைக் கிராஸ் உள்ள ஷாஃப்ட் என்றால் கணக்கு வேறு, அதில் கிரவுன் மூக்கு நேராக ஷாஃப்டைப் பார்த்து நிற்க வேண்டும். ஷாஃப்டைக் கழற்றி மாட்டியிருந்தால் இரண்டு முனை யோக்கும், அதாவது கிராஸைப் பிடிக்கும் கவைகளும், ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள், ஸ்ப்ளைனில் ஒரு பல் மாறினாலே ஆடும். அதனால் கழற்றும் முன் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரத்தையும் இயக்கும் பார்ட் டைம் 4×4 என்றால் இன்னொரு எளிய சோதனை இருக்கிறது. முன் ஷாஃப்டை முழுவதும் கழற்றிவிட்டு டூ வீல் டிரைவில் ஓட்டுங்கள். அதிர்வு போய்விட்டால் ஆள் கிடைத்துவிட்டான்.

முன்னால் தனிச் சஸ்பென்ஷன் உள்ள வண்டியைத் தூக்கியபின் திருப்பும்போது ‘கட கட’ என்றால் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் சி.வி. ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் ரிம்மின் உள்பக்கம் தெறித்திருக்கிறதா பாருங்கள்.

டயர் உரசுகிறது

எங்கே உரசுகிறது என்பதை ஊகிக்க வேண்டாம், உள் ஃபெண்டர் முழுவதும் சாக்பீஸ் தேய்த்துவிட்டு ஓட்டுங்கள், உரசிய இடம் சுத்தமாக இருக்கும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது மட்டும் உரசினால், சக்கரத்தோடு திரும்பும் நக்கிளில் இருக்கும் ஸ்டாப் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே எடுங்கள், திரும்பும் வட்டம் சிறிது கூடும், அவ்வளவுதான். சக்கரம் மேலே ஏறும்போது உரசினால், அதற்கு இன்னும் உயரமான ஸ்பிரிங் தீர்வே கிடையாது. உயரமான ஸ்பிரிங்கும் ஒரு நாள் முழுவதும் அமுங்கத்தான் போகிறது. அச்சு மேலே ஏறுவதைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பை நீட்ட வேண்டும். ஆஃப்செட் குறைந்த ரிம் போட்டு டயரை வெளியே தள்ளினால் சேஸிஸ் பக்கம் தப்பும், ஆனால் திரும்பும்போது டயர் பெரிய வட்டமடித்து பம்பர் முனையில் வந்து இடிக்கும்.

பிரேக் முன்னை மாதிரி இல்லை

சஸ்பென்ஷனில் மட்டும்தானே கை வைத்தேன், பிரேக்கை யார் தொட்டது என்று தோன்றும். பல வண்டிகளில் பின் அச்சிலிருந்து சேஸிஸுக்கு ஒரு சின்னக் கம்பி போகும், அது எடையை உணரும் பிரேக் வால்வோடு சேர்ந்தது. பின்பக்கம் பாரத்தில் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். நீங்கள் 50 மி.மீ. லிஃப்ட் போட்டதும் வால்வு என்ன நினைக்கும்? வண்டி காலி, பின் பிரேக் தேவையில்லை என்று நினைக்கும். எல்லா வேலையும் முன் பிரேக் தலையில் விழும், நிற்கும் தூரம் கூடும், ஈரச் சாலையில் முன் சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். லிஃப்ட் அளவுக்கு அந்தக் கம்பியின் பிராக்கெட்டை உயர்த்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும். லிஃப்ட் போடுபவர்கள் அதிகம் மறக்கும் இடம் இதுதான், ஆபத்தானதும் இதுதான்.

கூடவே பிரேக் ஹோஸையும் பாருங்கள். அச்சை முழுவதும் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்துப் பார்க்கும்போது ஹோஸ் கம்பி போல விறைத்து நின்றால் நீளமானது வேண்டும். ஏ.பி.எஸ். வயரும் அதே மாதிரிதான். ஹோஸ் மாற்றினால் காற்றெடுக்காமல் தெருவில் இறக்காதீர்கள்.

இழுவை குறைந்துவிட்டது, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்கிறது

எஞ்சினில் கோளாறு தேட வேண்டாம். 235/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 733 மி.மீ., 265/75 ஆர்16 டயருக்கு 804. கிட்டத்தட்ட 9.6 சதவீதம் அதிகம். மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் ஏறக்குறைய 66-ல் போகிறீர்கள். ஓடோமீட்டரும் குறைவாகக் காட்டும், மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்பும் முன் அதைக் கணக்கில் சேருங்கள். 4.1 கிரவுன் இப்போது 3.74 போல நடந்துகொள்ளும், ஏற்றத்தில் மூச்சு வாங்குவது அதனால்தான். கிரவுன் விகிதம் மாற்றினால் முன்னும் பின்னும் ஒரே விகிதமாக மாற்ற வேண்டும்.

விளக்கு மங்கல், ஃபியூஸ் போகிறது, பேட்டரி காலி

மங்கலாக எரிந்தால் பெரிய பல்பு வாங்காதீர்கள். விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை விளக்கின் எர்த் வயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எர்த் திருகுக்குக் கீழே பெயின்ட் இருக்கும், சுரண்டிவிட்டு மாட்டினால் பாதிக் கேஸ் முடிந்துவிடும். பாசிட்டிவ் பக்கமும் இதே சோதனை, அங்கே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம், தாண்டினால் வயர் மெலிசு. 55 வாட் பல்பு இரண்டு என்றால் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதை டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேராகக் கொண்டுபோனால் சுவிட்ச் உருகும். சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் ரிலே போடுங்கள், அதன் முனைகளில் எண் இருக்கும்: 30-ல் பேட்டரி, 87-ல் விளக்கு, 85-ம் 86-ம் சுவிட்சுக்கும் எர்த்துக்கும். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டி இருக்கட்டும். விளக்குப் பக்கத்தில் ஃபியூஸை வைத்தால் நடுவில் வயர் உரசிச் சேஸிஸில் பட்டால் அது காப்பாற்றாது, வயரே எரியும்.

ஃபியூஸ் மேட்டில் ஏறும்போது மட்டும் போகிறதா? வயர் எங்கோ உரசுகிறது. தகட்டில் ஓட்டை போட்டு வயர் விட்ட இடத்தில் ரப்பர் குரோமெட் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளிக்கிழமை நிறுத்திய என் வண்டி செவ்வாய்க்கிழமை காலையில் ‘டிக் டிக்’ என்று மட்டும் சொன்னது. பேட்டரி போய்விட்டது என்று புதிது மாட்டினேன், அடுத்த வாரமும் அதே கதை. அப்புறம்தான் புத்தி வந்து நெகட்டிவ் கேபிளைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்தேன். கதவு மூடியிருப்பதாக வண்டி நம்புவதற்கு, கதவைத் திறந்து வைத்து அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிவிட்டு, கம்ப்யூட்டர்கள் தூங்குவதற்கு அரை மணி நேரம் காத்திருந்தேன். 0.4 ஆம்பியர் காட்டியது. 0.05-க்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினேன், ஒன்றும் குறையவில்லை, ஏனென்றால் குற்றவாளி ஃபியூஸ் பெட்டியிலேயே இல்லை. வயர்லெஸ் ரேடியோவை நானே பேட்டரியிலிருந்து நேராக இழுத்திருந்தேன், ஆஃப் செய்தாலும் உள்ளே விழித்துக்கொண்டிருந்தது. 0.4 ஆம்பியர் என்றால் நாளைக்கு 9.6 ஆம்பியர் ஹவர், 60 ஆம்பியர் ஹவர் பேட்டரி நாலு நாளில் பாதிக்கு மேல் காலி. சாவி போட்டால்தான் கரன்ட் வரும் லைனுக்கு அதை மாற்றியதும் சரி. மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்துபோய் ஸ்டார்ட் அடிக்காதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

விஞ்ச் ‘டக்’ என்கிறது, சுற்றவில்லை

மோட்டாருக்குக் கரன்ட்டை இணைக்கும் சாலினாய்டு சுவிட்சுக்குக் கட்டளை போகிறது, மோட்டாருக்குக் கரன்ட் போதவில்லை என்று அர்த்தம். முழுப் பாரத்தில் பெரிய விஞ்ச் 400 ஆம்பியர் வரை இழுக்கும், பேட்டரி முனையில் லேசாகப் பூத்திருந்தாலே மூச்சு நின்றுவிடும். முனைகளைச் சுத்தம் செய்யுங்கள், எர்த் கேபிளை பம்பரில் மாட்டாமல் பேட்டரிக்கே கொண்டுபோங்கள். சுற்றுகிறது, ஆனால் இழுக்கத் திணறுகிறது என்றால் டிரம்மில் கயிறு எத்தனை அடுக்கு இருக்கிறது என்று பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் இழுவை கடைசி அடுக்கு கயிறு மட்டும் டிரம்மில் இருக்கும்போதுதான், அடுக்கு ஏற ஏற குறையும். கயிற்றை நிறைய வெளியே விட்டு, ஒரு கப்பி போட்டு இரட்டையாக இழுங்கள்.

வண்டி சூடாகிறது

எப்போது என்று மட்டும் சொல்லுங்கள். ஊர்ந்து போகும்போது சூடாகி, வேகமாகப் போனால் இறங்கினால் ஃபேன் பக்கம் கோளாறு. நின்றால் சரியாக இருந்து, வேகமாகப் போகும்போது ஏறினால் காற்று வரும் வழி அடைபட்டிருக்கிறது: புதிதாக மாட்டிய விஞ்ச், கிரில் நடுவில் கட்டிய விளக்கு, இல்லையென்றால் ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் காய்ந்துபோன சேறு. முன்னால் இருந்து பார்த்தால் இந்தச் சேறு தெரியவே தெரியாது. எஞ்சின் பக்கமிருந்து மெதுவான தண்ணீரால் வெளியே தள்ளிக் கழுவ வேண்டும், பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் தகடு மடங்கிவிடும்.

தண்ணீரில் இறங்கிய பிறகு கிரவுன் ஆயில் பால் மாதிரி இருக்கிறது

ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும், காற்று போய்வரும் பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். ஆயிலை உடனே மாற்றுங்கள், ஒரு வாரம் கழித்து என்று விட்டால் பேரிங் துருப்பிடிக்கும். அப்புறம் பிரீதருக்கு ஒரு ஹோஸ் போட்டு எஞ்சின் அறைக்குள் உயரமான இடத்தில் கட்டுங்கள். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரீதருக்கும் இதையே செய்யுங்கள்.

எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் ஸ்நார்கல் மாட்டியவர்கள், எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அதன் வாயை உள்ளங்கையால் அடைத்துப் பாருங்கள். எஞ்சின் திணறி அணையப் போக வேண்டும். சாதாரணமாக ஓடிக்கொண்டே இருந்தால் நடுவில் எங்கோ காற்று இழுக்கிறது, தண்ணீரும் அந்த வழியாகத்தான் வரும். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டையைத்தான் பெரும்பாலும் மறந்திருப்பார்கள்.

எங்கிருந்தோ ‘டக்’, எங்கிருந்தோ ‘கீச்’

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஒரே ஒரு ‘டக்’ என்றால் மற்றதை விட்டுவிட்டு முதலில் வீல் நட்டைப் பாருங்கள், முக்கியமாகப் புது ரிம் அல்லது ஸ்பேசர் போட்டிருந்தால். கூம்பு முக நட்டும் உருண்டை முக நட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றிப் போட்டால் முறுக்கு நிற்காது. எதுவானாலும் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். கமான் பட்டையின் யு போல்ட்டும் அப்படித்தான், அதைக் கழற்றினால் பழையதையே திரும்ப மாட்டாமல் புதிது போடுங்கள், முறுக்கும்போது இழுபட்டு நீண்ட போல்ட் அது.

சக்கரம் தொங்கும்போது மட்டும் ‘டங்’ என்றால் ஷாக் அப்சார்பர் நீளம் போதாமல் முழுவதும் இழுபட்டு அடிக்கிறது.

‘கீச்’ பெரும்பாலும் புஷ், அதாவது ஆர்ம் முனைகளில் மெத்தை போல இருக்கும் உருளை. நான் முதல் லிஃப்ட் போட்டபோது வண்டி ஸ்டாண்டில் இருக்க, அச்சு தொங்க, எல்லா போல்ட்டையும் அங்கேயே முழு முறுக்கு முறுக்கிவிட்டேன். மூன்றே மாதத்தில் ரப்பர் புஷ் எல்லாம் கிழிந்து தொங்கியது. புஷ்ஷின் உள் குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும், அசைவு முழுக்க ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான் நடக்கிறது, அதனால் தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் பாதி முறுக்கிக்கொண்டபடி இருக்கும். போல்ட்டை விரல் இறுக்கத்தில் விட்டு, வண்டியை இறக்கி, பம்பரை நாலு முறை அமுக்கி ஆட்டிவிட்டு, எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போது கடைசி முறுக்கு போடுங்கள். பாலியூரித்தேன் புஷ் கத்தினால் அதற்கென்று வரும் சிலிக்கான் கிரீஸ், ரப்பர் புஷ்ஷுக்குச் சாதாரண கிரீஸோ எண்ணெயோ கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், ஊறி உப்பிவிடும்.

முறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்துத் தகடுவரை வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுங்கள். அடுத்த ஓட்டம் முடிந்து டார்ச்சோடு கீழே படுத்துப் பார்க்கும்போது, எந்தக் கோடு உடைந்து நிற்கிறதோ அந்த போல்ட்டுக்கு மட்டும் ஸ்பேனரை எடுத்தால் போதும்.